ஒரு மோல்ட், ஒரு ஹொப், ஒரு சைவக் கிடாரம்

1

ஒக்லண்டில் வந்திறங்கிப் பத்தொன்பது வருடம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளிடம் “வேலை எப்பிடிப் போகுது?” என்று கேட்டேன். உலகத்தில் எல்லாத் தகப்பன்மாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் அந்த வேலைக்குப் போகத் தொடங்கிய பதினான்கு மாதத்தில் நான் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை என்பதால், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் என்றால் இரண்டு பேர். மனைவி வதனி, மகள் அபிராமி.

ஊரில் இருப்பவர்களுக்கு நிலைமையை விளக்க வேண்டும். அபி மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள். விட்டுவிட்டு வேறு படிப்புக்குப் போயிருந்தால் அதை எப்படியாவது நல்ல செய்தியாக மாற்றி ஊருக்கு எழுதியிருப்பேன். அந்தக் கலையில் எங்களை வெல்ல ஆள் இல்லை. அவள் போனதோ ஈஸ்ட் டாமாக்கியில் உள்ள ஒரு சின்ன பியர் ஆலைக்கு. அங்கே பியர் காய்ச்சுகிறாள். முன்பக்கத்தில் நாலு மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஊற்றியும் கொடுக்கிறார்கள். நான் வேலை செய்யும் களஞ்சியசாலை அங்கிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. அந்த வழியால் போனால் ஆறு நிமிடம் முந்திப் போய்ச் சேரலாம். நான் சுற்றிப் போகிறேன்.

யாராவது கேட்டால் “அபி லாப்பில வேலை” என்று சொல்லி வந்தேன். இதை முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆலையில் ஒரு மேசை நிறையக் கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றனவாம், அவற்றில் சீனியின் அளவு பார்ப்பார்களாம். கண்ணாடிக் குழாய் இருந்தால் லாப்தானே? கோயிலில் ஒருவர் “எந்த லாப், ஆஸ்பத்திரியிலயோ?” என்று கேட்டபோது நான் இருமினேன். அந்த இருமலை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.

அபி மவுண்ட் ரோஸ்கில்லில் இரண்டு சிநேகிதிகளோடு இருக்கிறாள். ஞாயிறுகளில் பக்குரங்காவில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். தாயும் மகளும் கதைப்பார்கள். நானும் அவளும் காருக்கு வாரண்ட், அதாவது தகுதிச் சான்று, எப்போது முடிகிறது, மழை வருமா என்ற இரண்டு விடயங்களைக் கதைப்போம். ஒக்லண்டில் மழை வருமா என்பது ஒரு கேள்வியே அல்ல. ஆகவே உண்மையில் ஒரு விடயம்தான். ஐந்து வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் சொல்வதை எங்கள் வீட்டுத் தமிழில் போட்டிருப்பவன் நான். ஓர் இடத்தில் மட்டும் அவளே தமிழில் சொன்னாள். அது வரும்போது சொல்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் வந்துகொண்டிருந்தவள் இரண்டு கிழமைக்கு ஒரு முறை வரத் தொடங்கினாள். பிறகு மாதத்துக்கு ஒரு முறை ஆயிற்று. என்ன காரணம் என்று வதனி கேட்கவில்லை. காரணம் அவளுக்கு எதிரே இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளை வருடப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் மட்டும் வரும் விருந்தாளி ஆகிவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் கேட்டேன்.

“நல்லாப் போகுது,” என்றாள் அபி. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “வேணுமெண்டா ஒரு பியர் சேர்ந்து காய்ச்சுவம். நீங்களே பிளான் போடுங்கோ. ஒரு மோல்ட், ஒரு ஹொப், வேற ஒண்டும் இல்லை. மூண்டு கிழமையில வாறன்.”

நான் யோசிக்காமல் ஓம் என்றேன். வதனி கத்தரிக்காய்க் கறியை என் சாப்பாட்டுக் கோப்பையில் போடுவதாக நினைத்து மேசையில் போட்டாள்.

2

மோல்ட் என்பது முளைக்க வைத்துக் காயப்போட்ட பார்லி. ஹொப் என்பது ஒரு கொடியின் பூ. பியருக்குக் கசப்பும் வாசமும் அதனால் வருகின்றன. இந்த இரண்டும் தண்ணீரும் நொதிக்க வைக்கும் ஈஸ்டும் சேர்ந்தால் பியர். இவ்வளவுதான் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றை அரசாங்கம் சும்மா விட்டுவைக்குமா?

பத்தொன்பது வருடமாகப் படிவம் நிரப்பியவன் நான். விசாவுக்கு, விசாவை நீட்ட, நிரந்தரமாக இருக்க, குடியுரிமைக்கு, கார் கொட்டிலை அரை மீட்டர் நீட்டுவதற்கு. பியர் காய்ச்சவும் ஒரு படிவம் இருக்கத்தான் வேண்டும் என்று இணையத்தில் இரண்டு பின்னேரம் தேடினேன். இல்லை. மனம் ஒப்பவில்லை. ஊரில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சினவனைப் பொலிஸ் பானையோடு ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்ட கண்கள் இவை. கடைசியில் ஓர் அலுவலகத்துக்கு அழைத்து, இருபது லீட்டர் காய்ச்சப் போகிறேன், யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

“நீங்க குடிக்கத்தானே?” என்று கேட்டது ஓர் இளம் குரல்.

“ஓம். நானும் மகளும்.”

“ஸ்வீட் ஆஸ்,” என்றது குரல். இந்த நாட்டவர்கள் ஒரு விடயத்துக்குச் சம்மதம் என்றால் இப்படித்தான் சொல்வார்கள். இனிப்பு என்கிறார்கள், எதைப் போல இனிப்பு என்று பத்தொன்பது வருடமாக ஒருவரும் சொல்லி முடிக்கவில்லை. அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

படிவம் இல்லாத குறையை நானே தீர்த்தேன். களஞ்சியசாலையில் நான்தான் பாதுகாப்புப் பிரதிநிதி. பதினொரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். அதில் அபாயங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. கொதிநீர்: கடும் அபாயம். வாயு அடுப்பு: கடும் அபாயம். அயலில் உள்ள தமிழர்: மிகக் கடும் அபாயம். செய்முறையையும் எழுதினேன். ஒரு மோல்ட், ஒரு ஹொப் என்று தொடங்கினேன். பார்க்க ஏழ்மையாக இருந்தது. ஆகவே கொஞ்சம் இஞ்சி, வாசத்துக்கு ஏலக்காய், நிறத்துக்குப் பனங்கட்டி, வயிற்றுக்கு நல்லதென்று ஒரு பிடி கொத்தமல்லியும் சேர்த்து அபிக்கு அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் தொலைபேசி வந்தது. “அப்பா, இது என்ன, ரசமோ?”

“ஒரு ருசி வேணாமோ பிள்ளை?”

“ஒரு சாமான் போட்டாத்தான் அந்தச் சாமான் என்ன எண்டு தெரியும். பத்தைப் போட்டா ஒண்டின்ர பிழையை மற்றது மறைச்சிடும். இதில மறைக்க இடமே இல்லை. அதுக்காகத்தான் இது.”

நான் அதைத் தொழில்நுட்ப விளக்கமாக எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக எடுக்க அப்போது தைரியம் இல்லை.

மோல்ட் தென்தீவில் விளைந்த சாதாரண வெளிர் மோல்ட். ஹொப்பைத் தெரிவு செய்யத்தான் நாள் பிடித்தது. கடைக்காரர் ஒவ்வொரு பையாகத் திறந்து மணக்கத் தந்தார். ஒன்று வைக்கோல், ஒன்று மாம்பழத்தோல், ஒன்று என் மாமனாரின் முகச்சவர நீர். மொட்டுவேக்கா என்ற ஊரின் பெயர் கொண்ட ஹொப்பைத் திறந்தபோது ஊர்த் தேசிக்காயின் தோலைக் கீறியதுபோல எலுமிச்சை மணத்தது. அதையே எடுத்தேன். உடனே அபிக்கு அழைத்துச் சொன்னேன். அடுத்த நாளும் அழைத்தேன், தண்ணீர் எத்தனை லீட்டர் என்று கேட்க. அதற்கடுத்த நாள் அவள் அழைத்தாள், வெப்பமானியைச் சரிபார்த்தீர்களா என்று. அறுபத்தாறு டிகிரியா அறுபத்தெட்டா என்று இருபது நிமிடம் வாதாடினோம். பதினான்கு மாதமாகக் கதைக்காததை அந்த மூன்று கிழமையில் கதைத்தோம், முழுவதும் வெப்பநிலையைப் பற்றி. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. என் பதினொரு பக்கத்தில் அதை எழுத ஒரு கட்டம் நான் விடவில்லை.

3

ஒரே ஒரு பிரச்சினை. முப்பது லீட்டர் கொள்ளும் பாத்திரம் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அது கோயில் கிடாரம்.

எங்கள் உபயத்தன்று அன்னதானத்துக்குச் சாம்பார் காய்ச்சவென்று வாங்கியது. பிறகு மற்றவர்களும் இரவல் கேட்க, அது அரைவாசி கோயிலுக்கே சொந்தமாகிவிட்டது. மச்சம், அதாவது மீன் இறைச்சி, படாத கிடாரம் என்பதால் பழைய படுக்கை விரிப்பால் சுற்றிக் கராஜில் உயரத்தில் வைத்திருப்போம். எங்கள் வீடுகளில் மச்சச் சட்டியும் சைவச் சட்டியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாட்டை விட்டு, வேலையை விட்டு, பாதி மொழியை விட்டு இவ்வளவு தூரம் வந்தோம். அந்த வழக்கத்தை மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

வதனியிடம் வழக்கைச் சமர்ப்பித்தேன். “பார்லி சைவம். பூ சைவம். தண்ணி சைவம். ஈஸ்ட் பாணிலயும் இருக்கு, பாணை வெள்ளிக்கிழமையும் சாப்பிடுறம்.”

“அப்ப சாராயமும் சைவமோ? தென்னையிலதானே இறக்கிறது?”

“ஆட்டிலயிருந்து இறக்கேல்லைத்தானே.”

வதனி வெங்காயம் உரித்து முடிக்கும் வரை யோசித்தாள். மகளோடு சேர்ந்து ஒரு வேலை செய்ய நான் இந்த வயதில் இப்படி மன்றாடுவது அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு தீர்ப்புச் சொன்னாள். “அந்த ஈஸ்டைப் போடுறது கிடாரத்திலயோ, வாளியிலயோ?”

“ஆற வைச்சு, வாளிக்கு மாத்தி, அதிலதான் போடுறது.”

“அப்ப கிடாரத்தில இருக்குமட்டும் அது பார்லிக் கஞ்சி. வாளிக்குப் போனாப் பிறகுதான் பியர். கிடாரத்தைத் தரலாம். மூண்டு தரம் மஞ்சள் தண்ணியால கழுவ வேணும்.”

இவ்வளவு நுட்பமான தீர்ப்பை உயர்நீதிமன்றத்தில்கூட எதிர்பார்க்க முடியாது. காலில் விழுந்திருப்பேன், வெங்காயத் தோல் கிடந்தது.

4

சொன்னபடி ஞாயிறு காலை பத்து மணிக்கு அபி வந்தாள். என் பதினொரு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தாள். தமிழர் அபாயம் வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள், அதுவும் மூக்கால்.

கராஜ் கதவைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டினோம். மோல்ட்டைத் துணிப்பையில் போட்டுச் சூடான தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டோம். எங்கள் வாதத்துக்கு முடிவாக அறுபத்தேழு டிகிரி. அவள் வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெப்பமானியைப் பார்க்காமல் ஆவியில் கையை நீட்டி, “அடுப்பைக் கொஞ்சம் குறையுங்கோ,” என்பாள். பிறகு வெப்பமானியும் அதையே சொல்லும். பரீட்சைப் பெறுபேறு வாசித்துப் பெருமைப்படத்தான் எனக்குத் தெரியும். இதற்கு எப்படிப் பெருமைப்படுவது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் பையைத் தூக்கிப் பிழிந்தபின் அவள் கொதிக்கவிட்டு முதல் பங்கு ஹொப்பைப் போட்டாள். அது கசப்புக்கு. ஒரு மணித்தியாலம் கொதிக்க வேண்டும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டாம் பங்கு, அது வாசத்துக்கு. “அதை நீங்கள் போடுங்கோ. உங்கட தெரிவுதானே,” என்று சின்னக் கோப்பையை என் கையில் தந்தாள்.

இருபது நிமிடம் மிச்சம் இருந்தபோது ஒரு வெள்ளை வான் பின்பக்கமாக எங்கள் வாசலுக்குள் வந்தது. பரமேஸ் அண்ணை. கோயில் மடப்பள்ளிக்குப் பொறுப்பானவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். கிடாரத்தை எடுக்கத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தவர், இந்தப் பக்கம் வந்ததால் ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். எங்கள் ஆட்கள் நேரத்துக்கு முந்தி வருவது வருடத்தில் ஒரு நாள், அது அன்றைக்கு.

“என்ன தம்பி, கிடாரத்தில என்னவோ கொதிக்குது?”

“பார்லித் தண்ணி, அண்ணை,” என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. பதினான்கு மாதப் பயிற்சி.

“பார்லித் தண்ணியோ? முப்பது லீட்டரோ?”

வாயைத் திறந்தேன். இருமவும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பின்னால் இருந்து அபி சொன்னாள், தமிழில், ஒரு பிழையும் இல்லாமல்:

“அப்பாவுக்குச் சலக்கடுப்பு, மாமா. நிறையக் குடிக்க வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்.”

பரமேஸ் அண்ணை உருகிவிட்டார். நெருஞ்சி முள் அவித்துக் குடிக்கச் சொன்னார். தனக்கும் இருந்ததாகவும், எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் எரிந்தது என்றும் விவரமாகச் சொன்னார். நாளைக்கு வருகிறேன் என்று என் தோளைத் தட்டிவிட்டு வானுக்குப் போனார்.

நான் திரும்பி அபியைப் பார்த்தேன். அவள் கிடாரத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு நோயாளிக்கு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறவளைப் போல நின்றாள். அந்தப் பிள்ளையிடம் தமிழ் கதை, தமிழ் கதை என்று பத்தொன்பது வருடம் கரைச்சல் கொடுத்தேன். கடைசியில் கதைத்துவிட்டாள், என் பொய்க்கு முட்டுக் கொடுக்க. எனக்கு வெட்கமாக இருந்தது. பியர் காய்ச்சுகிற மகளைப் பற்றி அல்ல.

5

ஹொப் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு ஓடிப் போய் வானின் கண்ணாடியில் தட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

“அண்ணை, அது பார்லித் தண்ணி இல்லை. பியர். எனக்குச் சலக்கடுப்பும் இல்லை.”

அவர் என்ஜினை நிறுத்தினார்.

“அபி லாப்பிலயும் இல்லை. ஈஸ்ட் டாமாக்கியில பியர் கொம்பனியில வேலை. காய்ச்சிறது அவள்தான். படிப்பை விட்டிட்டாள். நான்தான் எல்லாருக்கும் லாப் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அவள் ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை. இண்டைக்குச் சொன்னதும் எனக்காகத்தான்.”

பரமேஸ் அண்ணை முதலில் தன் துறை சார்ந்த கேள்வியைக் கேட்டார். “கிடாரத்திலயோ காய்ச்சிறியள்?”

வதனியின் தீர்ப்பைச் சொன்னேன். ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி கேட்டுவிட்டு, “அது சரிதான்,” என்றார். பிறகு கவலையோடு என்னைப் பார்த்தார். “இதை ஏன் தம்பி எனக்குச் சொல்லுறீர்? நான் கேக்கேல்லையே. இப்ப நான் மனுசிக்குச் சொல்ல வேணும். அவவுக்குச் சொன்னா முழு ஒக்லண்டுக்கும் சொன்ன மாதிரி.”

“ஓம் அண்ணை. அதுக்குத்தான் உங்களுக்குச் சொல்லுறன்.”

அவர் கராஜ் பக்கம் பார்த்தார். “நெருஞ்சி முள் எதுக்கும் நல்லதுதான்,” என்று சொல்லிவிட்டு வானை எடுத்தார்.

திரும்பி வந்தபோது டைமர் அடித்து ஓய்ந்திருந்தது. கிடாரம் கொதித்துக்கொண்டே இருந்தது. ஹொப் கோப்பை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

“நேரம் போயிட்டுதே. நீ போட்டிருக்கலாமே?”

“உங்களைப் போடச் சொன்ன பங்கு இது. நீங்கள் வருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன்,” என்றாள். “அவருக்கு என்ன சொன்னீங்கள்?”

“உள்ளதைச் சொன்னன்.”

அவள் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். நான் ஹொப்பைப் போட்டேன். கராஜ் முழுக்கத் தேசிக்காய் மணத்தது. அவள் குனிந்து குறிப்புப் புத்தகத்தில், கொதித்தது பதினாறு நிமிடம் கூட, என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள்.

6

செய்தி செவ்வாய்க்கிழமைக்குள் மனுகாவ் துறைமுகத்தைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அம்மா வதனியின் கையைப் பிடித்து, செத்த வீட்டில் கேட்பதுபோல, “தாங்கிக்கொண்டீங்களோ?” என்று கேட்டாராம். அபிக்கு ஒரு சாதகம் கொண்டுவந்திருந்த வீடு அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது. வதனி அன்று குசினிக்குள் தனியே நின்று அழுதாள். வெளியே வந்து, “போகட்டும், அந்தப் பெடியனுக்குத் தலைமயிரும் இல்லை,” என்றாள். ஆண்கள் தரப்பில் கண்டனம் பலமாக இருந்தது. கண்டித்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் போகும்போது அந்த ஆலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தார்கள்.

இரண்டு கிழமை வாளியில் நொதித்து, இரண்டு கிழமை போத்தலில் கிடந்தபின் பியரைத் திறந்தோம். நல்ல பியர் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கலங்கல், திட்டமிட்டதைவிடக் கசப்பு. கடைசியில் மட்டும் தேசிக்காய் வந்து போனது. அபி மூன்று மிடறு குடித்துவிட்டு, இது கூடக் கொதித்த பிழை, இது நான் பையைப் பிழிந்த பிழை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். நான் முழுக் கிளாஸையும் குடித்தேன்.

போன வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து காரில் ஏறும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் கிளாஸ்களின் சத்தம்.

“அப்பா, உங்கட கோயில் ஆக்கள் நாலு பேர் வந்திருக்கினம். நீர் இன்னாற்ற மகளோ எண்டு கேட்டவை. ஓம் எண்டு சொன்னன்.”

“வேற என்ன சொல்லுறது?”

கிளாஸ்களின் சத்தம் குறைந்தது, அவள் தள்ளி வந்திருக்க வேண்டும். “முந்தியும் எங்கட ஆக்கள் வாறவை, அப்பா. கண்டா நான் பின்னால, பியர் குளிர வைக்கிற கூல் ரூமுக்குள்ள போயிடுவன். நீங்கள் லாப் எண்டு சொல்லியிருந்தீங்கள்தானே. இண்டைக்குப் போகேல்லை. அதைச் சொல்லத்தான் எடுத்தன்.”

கார்த் திறப்பு கையில் இருந்தது. எதில் செருகுவது என்று தெரியவில்லை. “அதுக்குள்ள எத்தின டிகிரி?” என்று கேட்டேன். எங்களுக்குக் கதைக்கத் தெரிந்தது அதுதானே.

“ரெண்டு.”

“முந்தி எவ்வளவு நேரம் அதுக்குள்ள நிப்பாய்?”

“அவை போகுமட்டும்,” என்றாள். பிறகு சிரித்தாள். “எங்கட ஆக்கள் ஒரு கிளாஸோட எழும்புறவையே, அப்பா?”